பொங்கலுக்கு ஊருக்குப் போய் வீட்டில் சொல்வது எப்படி: தன்பாலீர்ப்பு இணையருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழி முழுக்க வீட்டில் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். அந்த ஒரு மாதம் நிம்மதி. பொங்கல் பானை இறங்கியதும் ஜாதக நோட்டு வெளியே வந்துவிடும். "தை பிறந்தா வழி பிறக்கும்" என்று அத்தை ஆரம்பிக்கும்போதே நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். சொந்தமெல்லாம் ஒரே வீட்டில் கூடியிருக்கும் அந்த நான்கு நாளில்தான் வரன் பேச்சு சூடு பிடிக்கிறது. அதனால் இந்தப் பண்டிகையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சிலருக்குத் திட்டமே இல்லாமல் சொல்லும்படி ஆகிவிடுகிறது.

நானும் பெண், என் துணையும் பெண். சென்னையில் ஒரே வீட்டில் 9 வருடமாக வாழ்கிறோம். எனக்கு ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், அவளுக்குக் கோவில்பட்டி. என் வீட்டில் நான் சொன்ன விதம் தவறு. தைப்பொங்கல் அன்று முற்றத்தில் 15 பேர் உட்கார்ந்திருக்க, பெரியம்மா ஒரு வரனைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதன்பிறகு அம்மா 8 மாதம் என்னோடு பேசவில்லை. ரொம்ப நாள் கழித்து அவர் சொன்னார்: "நீ சொன்னதுகூட இல்லடி. எல்லார் முன்னாடியும் சொன்னே பாரு, அதான். எனக்குன்னு அழுறதுக்கு ஒரு நிமிஷம் தரலையே நீ."

அடுத்த வருடம் என் துணையின் வீட்டில் வேறு மாதிரிச் செய்தோம். அம்மா கேட்ட அந்த ஒரு நிமிஷத்தை எப்படித் தருவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பொங்கலை வைத்து எழுதினாலும் தீபாவளி, கிறிஸ்துமஸ், நோன்புப் பெருநாள் எதற்கும் இது பொருந்தும்.

முதல் படி: இந்த முறை சொல்லத்தான் வேண்டுமா?

சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. சொல்லாமல் இருப்பவர் யாரையும் ஏமாற்றவில்லை, தன்னைப் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆகவே முதல் கேள்வி பாதுகாப்பைப் பற்றியது.

இதை அளந்து பார்க்க நம் ஊரில் ஒரு நல்ல வழி உண்டு. உங்கள் சொந்தத்தில் யாராவது சாதி மாறியோ மதம் மாறியோ காதலித்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அழுகை, ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை, பேரன் பிறந்ததும் எல்லாம் சரியானது என்றால், உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் போகும். அடித்தார்கள், அறையில் வைத்துப் பூட்டினார்கள், போனைப் பிடுங்கிக்கொண்டு பத்தே நாளில் வேறு இடத்தில் நிச்சயம் செய்தார்கள் என்றால், தயவுசெய்து ஊருக்குப் போய் நேரில் சொல்லாதீர்கள். வேலை செய்யும் ஊரிலிருந்து போனில் சொல்லலாம். கடிதம் எழுதலாம். சொல்லாமலே இருந்துவிடலாம். நேரில் சொல்வதுதான் தைரியம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

கல்லூரிக் கட்டணத்தை அப்பாதான் கட்டுகிறார் என்றால் படிப்பு முடியட்டும். 18 வயது ஆகாதவர்கள் வீட்டில் சொல்வதற்கு முன் நம்பிக்கையான ஒரு பெரியவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து வயது வந்தோரின் சம்மத உறவை விலக்கியது. இரண்டு பெரியவர்கள் விரும்பிச் சேர்ந்து வாழ்வது இங்கே குற்றமில்லை. சிங்கப்பூரில் அதே மாதிரியான 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. இலங்கையிலும் மலேசியாவிலும் ஆங்கிலேயர் காலத்துச் சட்டப் பிரிவுகள் போகவில்லை. அங்கே இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பாதீர்கள். கோபத்தில்கூட இதை வெளியே கொண்டு போகமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தவரிடம் மட்டும், வாயால் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: நீங்கள் இருவரும் ஒரு பேச்சுக்கு வாருங்கள்

இணையராக இருப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். நீங்கள் உங்கள் அம்மாவிடம் சொல்லும் அதே நொடியில் உங்கள் துணையின் ரகசியமும் வெளியே போகிறது. ஒரே சமூகம், ஒரே மாவட்டம், ஒரே கல்லூரி என்றால் செய்தி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர இரண்டு நாள் போதும். ஆகவே துணையின் பெயரைச் சொல்வதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் தயாராக இல்லையென்றால் உங்களைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். "என் வாழ்க்கைல ஒருத்தர் இருக்காங்க. யாருன்னு இப்போ சொல்ல முடியாது, அவங்க வீட்டுல தெரியாது" என்றால் அதில் பொய் ஏதும் இல்லை.

இரண்டு வீட்டிலும் ஒரே பொங்கலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அனுபவத்தில் ஒரே நேரத்தில் சொல்லாமலிருப்பதே நல்லது. ஒரு வீடு எரியும்போது இன்னொருவராவது தண்ணீர் ஊற்றும் நிலையில் இருக்க வேண்டும்.

அப்புறம், எத்தனை வருடமாகச் சேர்ந்திருக்கிறீர்கள், ஒரே வீட்டில்தான் இருக்கிறீர்களா, பணம் யார் கையில், குழந்தை பற்றி என்ன யோசனை என்று வீட்டார் கேட்கப்போவதை முன்கூட்டியே இருவரும் பேசி வையுங்கள். எவ்வளவு சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதில் இரண்டு பேர் வாயிலும் ஒரே பதில் வரட்டும். துணையின் சாதி என்ன என்றும் நிச்சயம் கேட்பார்கள். நம் வீடுகளில் ஆணா பெண்ணா என்ற அதிர்ச்சி அடங்கும் முன்பே "என்ன ஆளுங்க?" என்று வந்துவிடும். அந்த இடத்தில் தடுமாறாமல் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: தமிழில் சொற்களைத் தேடி வையுங்கள்

சென்னையில் நண்பர்களோடு ஆங்கிலத்தில் எளிதாகப் பேசிவிடுகிறோம். அம்மாவிடம் போய் நின்றால் வாயில் சொல் வராது. எனக்கு அப்படித்தான் ஆனது. "ஓரினச்சேர்க்கை" என்று செய்தித்தாளில் படித்த சொல்தான் வந்தது. அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் சுருங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை. அந்தச் சொல்லில் இருப்பது சேர்க்கை. கேட்பவர் மனம் நேராகப் படுக்கையறைக்குப் போய்விடும். உங்கள் வாழ்க்கையில் அன்பு இருக்கிறது, வீட்டு வாடகை இருக்கிறது, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவது இருக்கிறது. அது எதுவும் அந்தச் சொல்லில் இல்லை.

தன்பாலீர்ப்பு என்ற சொல் நல்லது, கண்ணியமானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் இப்படிப்பட்ட சொற்களுக்கு ஒரு பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பத்திரிகைகள் மரியாதையான சொற்களைப் பயன்படுத்தட்டும் என்பதற்காக வந்த பட்டியல் அது. ஆனால் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு முதல் பேச்சில் அதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. கலைச்சொல் எதுவானாலும் நோய்ப் பெயர் மாதிரி ஒலித்துவிடும். வீட்டுச் சொற்களிலேயே சொல்லுங்கள். "எனக்குப் பசங்க மேல அந்த மாதிரி ஈடுபாடு வந்ததே இல்லம்மா. எனக்குப் பிடிச்சது ஒரு பொண்ணை. அவகூடத்தான் வாழறேன், கடைசி வரைக்கும் வாழப்போறேன்." இதைக் கண்ணாடி முன் நின்று பத்து முறை சொல்லிப் பாருங்கள். குரல் நடுங்காமல் வரும் வரை சொல்லுங்கள்.

நான்காம் படி: வீட்டுக்குள் முதல் ஆள்

அப்பா அம்மாவுக்கு முன்பே, பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னால், குடும்பத்தில் ஒருவரிடம் சொல்லுங்கள். அக்கா, அண்ணன், சித்தி, தாய்மாமன் என யாராகவும் இருக்கலாம். வயதைவிட இரண்டு குணத்தைப் பாருங்கள்: வாய் காக்கத் தெரிந்தவரா, அம்மா அவர் பேச்சைக் கேட்பாரா. நாங்கள் என் துணையின் சித்தியிடம் சொன்னோம். படிப்பு எட்டாம் வகுப்புதான். 20 வருடத்துக்கு முன் தானே சண்டை போட்டுக் காதல் கல்யாணம் செய்துகொண்டவர். கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "சாப்பாட்டுக்கு யாரு சமைக்கிறது, நீயா அவளா?" என்றார். ஆள் சரியான ஆள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அவரிடம் பொதுவாக "சப்போர்ட் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். குறிப்பான ஒரு வேலையைக் கொடுங்கள். "நான் சொல்ற அன்னிக்கு நீங்க அந்த வீட்டுல இருக்கணும். நான் வெளியே போனதும் அம்மா பக்கத்துல உட்காரணும்." இதைச் செய்ய ஒருவர் இருந்தால் பாதி பாரம் குறையும்.

ஐந்தாம் படி: கிளம்பும் முன்

இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நல்ல குடும்பத்திலும் முதல் இரண்டு நாள் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. பொங்கல் டிக்கெட் நிமிடங்களில் தீர்ந்துவிடும். போகும் டிக்கெட்டோடு திரும்பும் டிக்கெட்டையும் அன்றே எடுங்கள். நினைத்ததைவிட முன்னால் கிளம்ப நேர்ந்தால் எந்தப் பேருந்து, பேருந்து நிலையத்துக்கு எப்படிப் போவது என்றும் பார்த்து வையுங்கள். பக்கத்து நகரத்தில் ஒரு இரவு தங்க ஒரு நண்பர் வீடோ விடுதியோ தயாராக இருக்கட்டும்.

பள்ளிச் சான்றிதழ், பட்டம், பாஸ்போர்ட் எல்லாம் அப்பாவின் பீரோவில் இருக்கும் வீடுகள்தான் அதிகம். முந்தைய பயணத்திலேயே "ஆபீஸ்ல கேக்கறாங்க" என்று எடுத்து வந்துவிடுங்கள். டிஜிலாக்கரில் நகல் இருக்கட்டும். சம்பளக் கணக்கு அப்பாவோடு கூட்டுக் கணக்காக இருந்தால் தனிக் கணக்கு தொடங்குங்கள். வீட்டாருக்குத் தெரிந்த ஏடிஎம் எண்ணையும் போன் பூட்டையும் மாற்றுங்கள்.

துணையோடும் ஒரு நண்பரோடும் ஒரு குறிச்சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "கரும்பு வாங்கியாச்சு" என்று செய்தி வந்தால் எல்லாம் நலம். இரவு 9 மணிக்குள் எதுவும் வரவில்லையென்றால் நண்பர் போன் செய்ய வேண்டும், எடுக்கவில்லையென்றால் அடுத்து யாரை அழைக்க வேண்டும் என்பது வரை முடிவாகியிருக்கட்டும்.

துணையை முதல் முறை கூடவே அழைத்துப் போவதா? வேண்டாம் என்பேன். தயார் இல்லாத பெற்றோர் முன் இருவராகப் போய் நின்றால் அவர்களால் அழவும் முடியாது, கேட்கவும் முடியாது. வீட்டுக்கு வந்தவர் முன் மானம் காக்கப் பார்ப்பார்கள், அல்லது கோபத்தை அவர் மேலேயே கொட்டுவார்கள். துணை ஒரு போன் தொலைவில் இருந்தால் போதும்.

ஆறாம் படி: எந்த நாள், எந்த நேரம்

போகி அன்று வேண்டாம், வீடு தலைகீழாகக் கிடக்கும். பொங்கல் அன்று வேண்டவே வேண்டாம். அந்த நாளைக் கெடுத்துவிட்டாய் என்ற சொல் ஒவ்வொரு தைக்கும் திரும்பி வரும், என் வீட்டில் வந்துகொண்டிருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்கும் காணும் பொங்கலுக்கும் கறி விருந்து, விருந்தாளி, பல வீடுகளில் ஆண்களிடம் குடி. குடித்திருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்லக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

ஆகவே விருந்தாளிகள் கிளம்பிய மறுநாள் காலைதான் என் தேர்வு. அதற்காக ஒரு நாள் கூடுதலாக விடுப்பு எடுங்கள். சொன்ன பிறகும் ஒரு இரவாவது அங்கே இருப்பது போல் பாருங்கள். பஸ் ஏறும் நேரத்தில் சொல்லிவிட்டு ஓடினால் குண்டு போட்டுவிட்டு ஓடியது போலத்தான் வீட்டாருக்கு இருக்கும். இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம், அதற்குள் பெரியப்பாக்களும் மாமாக்களும் பஞ்சாயத்துக்கு வந்துவிடுவார்கள். தீபாவளி என்றால் மறுநாள். கிறிஸ்துமஸ், நோன்புப் பெருநாள் என்றால் வழிபாடும் விருந்தும் முடிந்து வீடு அமைதியான பிறகு. வீட்டில் யாருக்காவது அந்த வருடம் தலை தீபாவளியோ தலைப் பொங்கலோ என்றால் முழுக்கத் தள்ளிப் போடுங்கள். புதுச் சம்பந்தி வந்து போகும் வீட்டில் எல்லோருக்கும் மானப் பயம் இரண்டு மடங்காக இருக்கும்.

அப்பா அம்மா இருவரையும் சேர்த்து உட்கார வைத்துக் கூட்டம் போட வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒருவரிடம் முதலில் சொல்வது நல்லது. பேச்சு வரும் இடம் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். சில அம்மாக்களுக்கு அடுப்படி, சில அப்பாக்களுக்கு வயல் வரப்பு. முகத்துக்கு முகம் பார்க்காமல், கையில் ஒரு வேலையோடு இருக்கும்போது நம் பெற்றோருக்குக் கேட்க எளிதாக இருக்கிறது. என் துணை அவள் அம்மாவிடம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டேதான் சொன்னாள். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் அப்பாவிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

ஏழாம் படி: சொல்லும் நிமிடம்

முன்னுரை நீளக் கூடாது. "ஒரு விஷயம் சொல்லணும்" என்று தொடங்கி ஐந்து நிமிடம் சுற்றினால் அம்மா அதற்குள் புற்றுநோய், கர்ப்பம், கடன் எல்லாவற்றையும் நினைத்து முடித்திருப்பார். "அம்மா, என் உடம்புக்கு ஒண்ணும் இல்ல, வேலைக்கும் ஒண்ணும் இல்ல. என் கல்யாண விஷயமா உண்மையைச் சொல்றேன்" என்று பயத்தைக் குறைத்துவிட்டு, ஒத்திகை பார்த்த அந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

அப்புறம் நிறுத்துங்கள். உண்மையாகவே நிறுத்துங்கள். அமைதி பொறுக்காமல் சட்டம், அறிவியல், வெளிநாடு என்று அடுக்கத் தோன்றும். என் அம்மா கேட்ட ஒரு நிமிஷம் இதுதான். அழுதால் அழட்டும். எழுந்து கொல்லைப்புறம் போனால் பின்னாலேயே போகாதீர்கள், சித்தியையோ அக்காவையோ அனுப்புங்கள்.

துணை இத்தனை நாள் "தோழி"யாக அந்த வீட்டுக்கு வந்து போனவர் என்றால் இன்னொரு வலியும் சேரும். "என் கையால சாப்பிட்டுக்கிட்டே மறைச்சீங்களே" என்பார்கள். அது நியாயமான வருத்தம். மறைத்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். நேசிப்பதற்குக் கேட்காதீர்கள். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது அவர்களுக்கும் புரியும்.

எட்டாம் படி: வரப்போகும் கேள்விகள்

"ஹாஸ்டல்ல விட்டதாலதான், இல்ல?" இதைக் கேட்கும்போது அம்மா தன்னைத்தான் குற்றம் சாட்டிக்கொள்கிறார். முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்: "நீங்க வளர்த்ததுல எந்தத் தப்பும் இல்லம்மா. யாரும் சொல்லிக் கொடுத்து வரலை." எத்தனை வயதில் உங்களுக்கே தெரிந்தது, எவ்வளவு நாள் தனியாகப் பயந்திருந்தீர்கள் என்று சொன்னால் பல அம்மாக்களின் கோபம் அங்கேயே இளகுகிறது.

"நீ ஆம்பளையா மாறப் போறியா?" நம் வீடுகளில் திருநங்கைகளைத்தான் தெரியும், ஆகவே இந்தக் குழப்பம் வரும். "இல்லம்மா, நான் பொண்ணுதான், பொண்ணாவே இருப்பேன். எனக்குப் பிடிச்சவங்களும் பொண்ணு, அவ்வளவுதான்" என்றால் போதும். "நாங்க அவங்க மாதிரி இல்ல" என்று திருநங்கைகளையும் திருநம்பிகளையும் தாழ்த்திச் சொல்லி உங்களுக்கு மரியாதை தேடாதீர்கள். நமக்கு முன்னால் தெருவில் நின்று அடி வாங்கியவர்கள் அவர்கள்.

"டாக்டர்கிட்ட போலாம், சரியாயிடும்." இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990இல் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இது நோயல்ல என்று வெளிப்படையாகச் சொன்னது. மாற்றிக் காட்டுகிறேன் என்று சிகிச்சை தருவதை மருத்துவரின் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியிருக்கிறது. இதையெல்லாம் வாதமாக வீசாமல், "வாங்கம்மா, போலாம். ஆனா நான் சொல்ற டாக்டர்கிட்ட. உங்க சந்தேகத்தை எல்லாம் அவர்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிப் பாருங்கள். முன்கூட்டியே ஒரு நல்ல மனநல மருத்துவரின் பெயரை வைத்திருப்பது பெரிய உதவி. மந்திரிப்பது, தாயத்து கட்டுவது, சோதிடரிடம் போவது வரும். கோயிலுக்குக் கூப்பிட்டால் போய்க் கும்பிட்டு வாருங்கள். வேப்பிலை அடிப்பது, பட்டினி போடுவது, பெயர் தெரியாத மாத்திரை என்று போனால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"ஒரு கல்யாணம் பண்ணிக்கோ, எல்லாம் மாறிடும்." இதில் மட்டும் கொஞ்சமும் நெகிழாதீர்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கை அது. "நம்ம அக்காவை இப்படி ஒருத்தருக்குக் கட்டிக் கொடுத்திருந்தா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்ற கேள்வியைப் பெற்றோர் அநேகமாகத் தாண்ட முடிவதில்லை.

"ஊர் என்ன சொல்லும்? தங்கச்சி கல்யாணம் நிக்குமே." இந்தப் பயம் நிஜமானது. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, யாருக்கு எப்போது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று பெற்றோரிடம் விட்டுவிடுங்கள். நமக்கு அது கொஞ்சம் கசக்கும். ஆனால் நமக்கு இதை ஏற்க எத்தனை வருடம் ஆனது என்று நினைத்துப் பாருங்கள்.

"வயசான காலத்துல யாரு பாத்துப்பா?" இதற்கு உணர்ச்சியால் பதில் சொல்ல முடியாது, காகிதத்தால் சொல்லலாம். சட்டப்படி திருமணம் கிடையாது என்பதை மறைக்காதீர்கள். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தர மறுத்துவிட்டது. அதே நேரம், தன்பாலீர்ப்பு இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் அந்தக் கணக்குக்கு ஒருவரை ஒருவர் நாமினியாக (ஒருவர் இறந்தால் கணக்கில் உள்ள பணத்தைப் பெறுபவராக) நியமிக்கவும் எந்தத் தடையும் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. உயில் எழுதிப் பதிவு செய்யலாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி துணையை உங்கள் நியமனப் பிரதிநிதியாக, அதாவது மனநலச் சிகிச்சை தேவைப்பட்டால் உங்களுக்குத் துணை நிற்பவராக, எழுதி வைக்கலாம். இதில் இரண்டையாவது செய்து முடித்துவிட்டு ஊருக்குப் போங்கள். என் துணையின் அப்பா எங்கள் கூட்டுக் கணக்குப் பாஸ்புக்கைக் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நான் தூக்கு மாட்டிக்குவேன்." இதைச் சொல்லாத வீடு குறைவு. வெறும் மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள், அவரைத் தனியாக விடாதீர்கள், கூட ஒருவர் இருக்கட்டும். டெலி மனஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆனால் அந்த வார்த்தைக்குப் பயந்து கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிடாதீர்கள். "நீங்க இல்லாம என்னால இருக்க முடியாதும்மா. பொய்யா ஒரு கல்யாணமும் பண்ண முடியாது." இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், எத்தனை முறை கேட்டாலும். உங்களுக்கே அந்த எண்ணம் வந்தாலும் இதே எண்தான், தயங்காமல் அழையுங்கள்.

கை ஓங்கினால், கதவைப் பூட்டினால்

பேச்சு நின்று கை ஓங்கிய உடனே விளக்குவதை விட்டுவிட்டு வெளியேறுங்கள். பெட்டி போகட்டும், போன் முக்கியம். அவசர எண் 112. பெண்களுக்கு 181.

சட்டம் இந்த இடத்தில் நம் பக்கம் இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்திருங்கள். 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களைத் தேடி வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். அந்த வழக்கில் ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவுப்படி, விரும்பிச் சேர்ந்து வாழும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு தராமல் போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளிலும் 2022இல் இதற்கென ஒரு விதி சேர்த்தார்கள். அந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று நீதிபதியே ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். படித்த பெரிய மனிதருக்கே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று சொன்னபோது என் அம்மா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

உங்கள் துணையை வீட்டில் பூட்டி வைத்துவிட்டார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். 2025 மே மாதம் அப்படி வந்த ஒரு மனுவில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, 25 வயதுப் பெண்ணை அவர் விருப்பப்படி போகவிட்டது. குடும்பம் அமையத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பமே என்றும் சொன்னது. ஒரு வழக்கறிஞரின் எண் உங்கள் துணையிடமும் இருக்கட்டும்.

சொல்லி முடித்த பிறகு வரும் மாதங்கள்

நாம் ரகசியத்தை இறக்கி வைத்துவிட்டு லேசாகச் சென்னை திரும்புகிறோம். அன்றிலிருந்து அந்த ரகசியத்தைச் சுமப்பது அம்மா. கோயிலில் கேட்பார்கள், ரேஷன் கடையில் கேட்பார்கள், "பொண்ணுக்கு எப்போ?" என்று. அவர் யாரிடம் போய்ப் பேசுவார்? அதனால் பெற்றோருக்கு ஒரு துணை தேடித் தருவதையும் உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் நம்மைப் போன்றவர்களுக்கான ஓரினம் அமைப்பு 2003 முதல் இயங்குகிறது. அவர்கள் தளத்தில் பெற்றோருக்காகத் தமிழில் எழுதியவை கிடைக்கும். ஸ்வீகார் என்பது இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர்களே நடத்தும் குழு. நாம் நூறு முறை சொல்வதைவிட இன்னொரு அம்மா ஒரு முறை சொன்னால் போய்ச் சேரும்.

போனை நிறுத்தாதீர்கள். எடுக்கவில்லையென்றாலும் ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள். மழை வந்ததா, கால் வலி எப்படி என்று பேசுங்கள். இந்த விஷயத்தை ஒவ்வொரு முறையும் எடுக்காதீர்கள். முற்றிலும் எடுக்காமலும் இருக்காதீர்கள், போகிற போக்கில் துணையின் பெயர் வந்து போகட்டும். "அவளுக்கு ஜுரம், அதான் நேத்து பேச முடியல" என்று. எட்டு மாதம் பேசாத என் அம்மா முதலில் கேட்டது அவள் ஜுரம் விட்டதா என்றுதான்.

இருவருமாகப் போகும் முதல் பண்டிகை

வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் போங்கள். பண்டிகை நாளைவிடக் காணும் பொங்கலுக்கு ஒரு பகல் மட்டும் போய் வருவது எல்லோருக்கும் எளிது. எங்கே படுப்பது என்பதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். தனித்தனி அறை என்றால் முதல் முறை சரி என்று சொல்லுங்கள். முறை வைத்து அத்தை, மாமா என்று உடனே கூப்பிட்டுவிடாதீர்கள். தோழியாகப் போன காலத்தில் எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே இருக்கட்டும், மாற்ற வேண்டுமென்றால் அவர்கள் மாற்றுவார்கள். விருந்தாளி போல உட்காராமல் ஏதாவது வேலையைக் கையில் எடுங்கள். யாராவது "இது யாரு?" என்று கேட்டால் பதிலைப் பெற்றோர் சொல்லட்டும், "மகளோட ஃபிரண்டு" என்று சொன்னாலும் முகம் வாட வேண்டாம். துணைக்கு அது வலிக்கும் என்றால் போவதற்கு முன்பே இருவரும் பேசிவிடுங்கள். எவ்வளவு தாங்க முடியும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், உங்கள் அம்மா அல்ல.

கிளம்பும்போது ஏதாவது கொடுத்தால் நன்றி சொல்லி நெகிழ்ந்து நிற்காமல் இயல்பாக வாங்கிக்கொள்ளுங்கள். போன தைக்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறும்போது என் துணையின் அப்பா கடலைமிட்டாய்ப் பொட்டலம் இரண்டை ஜன்னல் வழியாக நீட்டினார். அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. மூன்று வருடமாக என்னிடம் நேராகப் பேசாதவர். "போய்ச் சேந்ததும் ரெண்டு பேர்ல யாராவது போன் பண்ணுங்க" என்றார். நான் "சரிப்பா" என்றேன்.